அழைப்பைப் பற்றிப் பேசும்போது ‘நான்’ நுழையும் இடங்கள்

உயர்தரப் பரீட்சை முடிந்து பெறுபேறு வரும்வரைக்கும் உள்ள மாதங்களில் மட்டக்களப்புச் சபைகளின் வாலிபர் கூட்டங்களில் ஒரு கேள்வி திரும்பத் திரும்ப வரும்: “என்ட வாழ்க்கைக்குத் தேவன் வைத்திருக்கிற நோக்கம் என்ன?” கேட்கிற பிள்ளை உண்மையாகவே கேட்கிறது. உபவாசமிருந்து, கண்ணீரோடு கேட்கிறது. அந்தக் கேள்வியை நான் குறைத்துப் பேசப்போவதில்லை. ஆனால் அதற்குப் பெரியவர்களாகிய நாங்கள் சொல்லிக்கொடுக்கும் பதில்களைப் பற்றிக் கட்டாயம் பேசவேண்டும். அழைப்பு என்ற விஷயத்துக்குள் தன்னலம் கர்வமாக வருவது குறைவு. ஜெபக் குறிப்பாக வரும், சாட்சியாக வரும், தாழ்மையாகக்கூட வரும். அதனால்தான் பிடிபடுவதில்லை.

வசனத்தை எனக்கு மட்டும் வெட்டியெடுப்பது

எரேமியா 29:11 எங்கள் வீட்டுக் கலண்டர்களில் இருக்கிறது, பிறந்தநாள் வாழ்த்திலும் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸிலும் இருக்கிறது. “நான் உங்கள்பேரில் நினைத்திருக்கிற நினைவுகளை அறிவேன்... அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே.” கம்பஸ் கிடைக்கவும் விசா கிடைக்கவும் இந்த வசனத்தைப் பிடித்துக்கொண்டு ஜெபிக்கிறோம். அது யாருக்கு எழுதப்பட்டது என்று பார்த்தால், பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப்போன ஒரு முழுச் சமூகத்துக்கு. அதற்கு முந்தின வசனம் எழுபது வருஷம் என்று சொல்கிறது. கடிதத்தை வாசிக்கக் கேட்ட பெரியவர்களில் அநேகர் ஊர் திரும்பாமலே அங்கே செத்திருப்பார்கள். வாக்குத்தத்தம் அவர்களுடையதுதான், நிறைவேறுவதைக் கண்டது அவர்களுடைய பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும்.

அதே கடிதத்தின் ஏழாம் வசனத்தை யாரும் கலண்டரில் அடிப்பதில்லை. சிறைப்பட்டுப்போன பட்டணத்தின் சமாதானத்தைத் தேடுங்கள், அதற்காக ஜெபியுங்கள், அதற்குச் சமாதானமிருக்கையில் உங்களுக்கும் சமாதானமிருக்கும் என்கிறது அது. எங்கள் மாவட்டத்தில் இதை நேர்மையாக வாசித்தால் புளியந்தீவோடும் கல்லடியோடும் நிற்க முடியாது. முஸ்லிம்கள் வாழும் காத்தான்குடிக்காகவும் ஏறாவூருக்காகவும், வாவிக்கு மேற்கே படுவான்கரையில் எங்கள் சபைக்கு ஒருநாளும் வராத குடும்பங்களுக்காகவும் ஜெபிக்கவேண்டும். தன் நோக்கத்தைத் தேடுகிற பிள்ளைக்கு நாங்கள் முதலில் கையில் கொடுக்கவேண்டியது இந்த வசனத்தைத்தான்.

எரேமியாவின் புத்தகத்திலேயே பாருக்கு என்று ஒருவர் இருக்கிறார். தீர்க்கதரிசி சொல்லச் சொல்ல எழுதியவர். எழுதின சுருளை ராஜா அறுத்து நெருப்பில் போட, திரும்பவும் முதலிலிருந்து எழுதியவர். அந்த மனுஷன் களைத்துப்போய்ப் புலம்பியபோது கர்த்தர் சொன்னது, “நீ உனக்குப் பெரிய காரியங்களைத் தேடுகிறாயோ? தேடாதே.” 45ஆம் அதிகாரம் முழுவதும் ஐந்தே வசனங்கள். பாருக்குக்குக் கிடைத்த வாக்குறுதி உயிர் மட்டும்தான். பெரிய காரியங்கள், எல்லைகள் விரிவாவது, உயர்த்தப்படுவது என்று ஒரு வருடம் முழுவதும் பிரசங்கம் கேட்கிற எங்கள் பிள்ளைகளுக்கு இந்த ஐந்து வசனங்களையும் யாராவது வாசித்துக் காட்டவேண்டும்.

தப்பியதைத் தகுதியாக்குவது

இதைச் சற்று நேரமெடுத்துச் சொல்லவேண்டும், ஏனென்றால் இது எங்கள் கரையோரத்துக்கே உரிய காயம். 2004 டிசம்பர் 26இல் நாவலடியிலும் கல்லடியிலும், தெற்கே கல்முனை, காரைதீவு, திருக்கோவில்வரையும் கடல் வந்து போனது. 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறன்று, மட்டக்களப்புச் சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்து ஞாயிறு பாடசாலைப் பிள்ளைகள் உட்படப் பலர் கொல்லப்பட்டார்கள். இந்த இரண்டுக்கும் பிறகு எங்கள் மேடைகளில் ஒரு சாட்சி பழகிப்போனது: “தேவன் என்னைக்கொண்டு செய்யவேண்டிய வேலை ஒன்று இருந்தபடியால் என்னைக் காப்பாற்றினார்.”

சொல்கிறவர் நன்றியோடுதான் சொல்கிறார். உயிர் தப்பியவர் நன்றி சொல்லாமல் இருக்கவும் முடியாது. ஆனால் அதே மண்டபத்தின் பின்வரிசையில் பிள்ளையைப் பறிகொடுத்த தாய் இருக்கிறாள். அவள் காதில் அது எப்படி விழும்? தன் பிள்ளைக்குத் தேவனிடத்தில் நோக்கம் ஒன்றும் இருக்கவில்லை என்றுதானே?

சீலோவாமிலே கோபுரம் விழுந்து பதினெட்டுப்பேர் செத்ததை இயேசு எடுத்துப் பேசினார். எருசலேமில் குடியிருந்த மற்றவர்களைவிட அவர்கள் குற்றவாளிகளோ என்று கேட்டு, அல்லவென்று தானே பதிலும் சொன்னார். தப்பியவர்களைத் தூக்கிவைக்கவும் இல்லை. எல்லோரையும் ஒரேவரியில் நிறுத்தி மனந்திரும்பச் சொன்னார். அப்போஸ்தலர் 12ஆம் அதிகாரம் இன்னும் நேராக இருக்கிறது. ஏரோது யாக்கோபைப் பட்டயத்தால் கொலைசெய்கிறான். சில வசனங்கள் தள்ளி, தூதன் வந்து பேதுருவைச் சிறையிலிருந்து கூட்டிக்கொண்டு போகிறான். ஒருவர் ஏன் செத்தார், மற்றவர் ஏன் தப்பினார் என்று லூக்கா ஒரு வார்த்தையும் எழுதவில்லை. யாக்கோபுக்கு அழைப்பு இல்லை என்று யார் சொல்வது? தம்பியோடு சேர்ந்து வலதுபக்கமும் இடதுபக்கமும் ஆசனம் கேட்ட அதே யாக்கோபு இவர். ஆசனத்தைப் பற்றி இயேசு வாக்குக் கொடுக்கவில்லை. தான் குடிக்கும் பாத்திரத்தில் அவர்களும் குடிப்பார்கள் என்றார். யாக்கோபு குடித்தார்.

ஆகவே சாட்சி சொல்லப்போகும் சகோதரங்களுக்கு என் வேண்டுகோள்: “தப்பினேன், நன்றி” என்பதோடு நிறுத்துங்கள். “ஏன் தப்பினேன்” என்பதற்கு நீங்களே பதில் எழுதிக் கொள்ளாதீர்கள். கூட்டம் முடிந்ததும் மேடையிலிருந்து இறங்கி அந்தத் தாயிடம் போய் இருங்கள். பேசவேண்டும் என்றுகூட இல்லை.

பலனைக் கண்ணால் காணவேண்டும் என்பது

1813இன் முடிவில் இலங்கைக்கு முதல் மெதடிஸ்த மிஷனரிக் குழுவைக் கூட்டிக்கொண்டு கப்பலேறியவர் தோமஸ் கோக். இந்தப் பயணத்துக்காக முன்னின்று உழைத்தவர் அவர். வழியிலே கடலில் இறந்துபோனார். இந்தத் தீவின் மண்ணை மிதிக்கவேயில்லை. அந்தக் குழுவில் வந்த வில்லியம் ஓல்ட் கப்பலிலேயே மனைவியை இழந்தார். தனியனாக மட்டக்களப்புக்கு வந்து, தமிழ் படித்து, பள்ளிக்கூடம் தொடங்கி, 1815 ஏப்ரலில் காலமானார். ஒரு வருடம்கூட ஆகவில்லை.

இன்றைக்கு எங்களிடம் ஒரு மிஷனரி வந்து, பத்து மாதத்துக்குள் இறந்திருந்தால், “தேவசித்தமில்லாமல் வந்துவிட்டார்” என்று பேசுவதற்கு எத்தனை பேர் இருப்போம்? அவர் தொடங்கிய வேலையிலிருந்து வளர்ந்த மெதடிஸ்த மத்திய கல்லூரியில் இன்றும் பிள்ளைகள் படிக்கிறார்கள். சைவப் பிள்ளைகளும் படிக்கிறார்கள். இரண்டு வருடத்தில் சபையில் தலை எண்ணிக்கை கூடவில்லை என்றால் அழைப்பையே சந்தேகிக்கிற வாலிப ஊழியர்கள் இந்த இரண்டு பேரையும் நினைத்துப் பார்க்கவேண்டும். பலன் வரும். அதைப் பார்க்க நான் இருக்கவேண்டும் என்று கட்டாயமில்லை.

வீட்டைக் காணிக்கையாக்குவது

தேவனுக்குக் கொர்பான், அதாவது காணிக்கை, என்று சொல்லிவிட்டால் தாய்தகப்பனுக்கு உதவவேண்டியதில்லை என்று பரிசேயர் ஒரு வழி கண்டுபிடித்திருந்தார்கள். இயேசு அதைக் கடுமையாகச் சாடினார் (மாற்கு 7). சீனி வருத்தத்தோடு இருக்கும் அம்மாவைக் கிளினிக்குக்குக் கூட்டிப்போக நேரமில்லை, உபவாச ஜெபத்துக்கு மூன்று ஊர் போக நேரமிருக்கிறது என்றால் அது கொர்பான்தான். கட்டாரில் வெயிலில் நிற்கும் தம்பி அனுப்பும் காசில் சாப்பிட்டுக்கொண்டு “நான் விசுவாசத்தில் வாழ்கிறேன்” என்பதும் அதற்குப் பக்கத்தில்தான் வரும். பவுல் கொரிந்துவில் கூடாரம் தைத்தார்.

இன்னொன்று: முழுநேர ஊழியம் மட்டும்தான் அழைப்பு என்ற எண்ணம். போதனா வைத்தியசாலையில் இரவு டியூட்டி செய்யும் தாதி ஞாயிறு ஆராதனைக்கு வரமுடியவில்லை என்பதற்காக அவளுடைய விசுவாசத்தை அளக்கிறவர்கள், அழைப்பை அல்ல, தங்கள் பதவியைத்தான் காக்கிறார்கள்.

பெயரும் படமும்

சபையில் முதன்மையாயிருக்க விரும்பிய தியோத்திரேப்பு என்பவனைப் பற்றி யோவான் தன் மூன்றாம் நிருபத்தில் எழுதுகிறார். அவன் தப்பான உபதேசம் போதித்தான் என்று அங்கே ஒன்றும் இல்லை. யோவானுக்கு விரோதமாகப் பொல்லாத வார்த்தைகளைப் பேசினான், சகோதரரை ஏற்றுக்கொள்ளவில்லை, ஏற்றுக்கொள்ள மனதுள்ளவர்களையும் சபைக்குப் புறம்பாக்கினான். அவ்வளவுதான் அவன் மேலுள்ள குற்றம். பக்கத்து ஒழுங்கையில் இன்னொரு சபை தொடங்கும்போது எங்களுக்குள் எழும் எரிச்சலுக்கு அவனுடைய பெயரைத்தான் வைக்கவேண்டும்.

மாரி வெள்ளம் வந்தால் உலர் உணவுப் பொதி கொடுக்கிறோம். நல்ல காரியம். ஆனால் பொதியை வாங்கும் அம்மாவின் முகத்தை ஃபேஸ்புக்கில் போடாதீர்கள். காசு கொடுத்தவர்களுக்குக் கணக்குக் காட்டவேண்டும் என்றால் பில்லைக் காட்டுங்கள், பொதிகளைப் படமெடுங்கள். தன் பிள்ளைகள் படிக்கும் பள்ளிக்கூடத்தில் அந்தப் படம் போனில் சுற்றுவதை அவள் தாங்கவேண்டியதில்லை. வயல்காரருக்கு வட்டவிதானையைத் தெரியும். குளத்துத் தண்ணீரை வயலுக்கு வயல் முறைப்படி விடுவது அவர் வேலை. தண்ணீர் அவருடையது என்று யாரும் சொல்வதில்லை, அவரும் சொல்வதில்லை. வரங்களைப் பகிர்ந்துகொடுக்கும் உக்கிராணக்காரராயிருங்கள் என்று பேதுரு எழுதியது இதைத்தான். பாட்டு வரமும், பிரசங்க வரமும், வெளிநாட்டிலிருந்து வந்த நிவாரணக் காசும் அப்படித்தான்.

தாழ்மையின் பெயரில்

“நான் எம்மாத்திரம்?” என்று மோசே கேட்டார். தேவன் மோசேயின் திறமையைப் பட்டியல் போட்டு அவரைத் தேற்றவில்லை. “நான் உன்னோடே இருப்பேன்” என்றார். அந்தப் பேச்சே தொடங்கியது, என் ஜனத்தின் உபத்திரவத்தைப் பார்த்தேன், அவர்கள் கூக்குரலைக் கேட்டேன் என்பதிலிருந்து. எகிப்தில் செங்கல் அறுத்துக்கொண்டிருந்தவர்கள் காத்திருக்க, எனக்குப் பேச வராது என்பதையே பேசிக்கொண்டிருந்தால் அதுவும் என்னைப் பற்றிய பேச்சுத்தான். ஞாயிறு பாடசாலைக்கு ஆள் இல்லை என்று மூன்று மாதமாக அறிவித்தும், “எனக்குத் தகுதியில்லை பாஸ்டர்” என்று ஒதுங்குகிற அக்காமாருக்கு இதை அன்போடுதான் சொல்கிறேன்.

சரி, பெறுபேறு வரும்வரை காத்திருக்கும் பிள்ளைக்கு என்ன சொல்வது? அந்தியோகியா சபையில் பர்னபாவும் சவுலும் ஏற்கனவே ஊழியம் செய்துகொண்டிருந்தார்கள். ஆராதித்து உபவாசிக்கும்போது ஆவியானவர் பேசினார், சபை கைவைத்து அனுப்பியது. தனி அறையில் ஒருவனுக்கு மட்டும் தெரிந்த இரகசியமாக அது இருக்கவில்லை. ஆகவே மகன், மகள், உங்களை நன்றாகத் தெரிந்த இரண்டு மூன்று பேரிடம் கேளுங்கள். அதில் ஒருவர் வீட்டில் உங்களோடு கோபித்துக்கொள்ளும் ஆளாக இருக்கட்டும். என்னால் யாருக்காவது பிரயோசனம் இருக்கிறதா, எதில் என்று கேளுங்கள். போதகரிடம் போய், எங்கள் ஒழுங்கையில் இப்போது யாருக்கு ஆள் தேவை என்று விசாரியுங்கள். தனியாக இருக்கும் ஐயா ஒருவரின் மருந்துத் துண்டை வாசித்துக்கொடுப்பதாக இருக்கலாம், ஐந்தாம் ஆண்டுப் பிள்ளைக்குக் கணக்குச் சொல்லிக்கொடுப்பதாக இருக்கலாம். பெறுபேறு வரும்வரைக்கும் அதைச் செய்யுங்கள். வந்த பிறகு, கம்பஸ் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும், கடிதத்தோடு திரும்பவும் வாருங்கள், இருந்து பேசுவோம்.