ஆடிப்பிறப்பில் நாங்கள் விடும் பிழைகள்

யூலை நடுப்பகுதி வந்தால் கைபேசியில் வாழ்த்துப் படங்கள் வரத் தொடங்கிவிடும். கரை புரளும் ஆறு, மஞ்சள் சேலைப் பெண்கள், தண்ணீரில் மிதக்கும் விளக்கு, கீழே 'ஆடிப்பிறப்பு நல்வாழ்த்துகள்'. அனுப்பியவர் யாழ்ப்பாணத்தில், தண்ணீர் அடியில் கிடக்கும் கிணற்றுக்குப் பக்கத்தில் இருந்துதான் அனுப்பியிருப்பார். முதற்பிழை அதுதான்.

படத்தில் இருப்பது ஆடிப்பெருக்கு. ஆடி 18ஆம் நாள் காவிரிக்கரைச் சனம் புதுவெள்ளத்தை வரவேற்பது. மேற்கு மலையில் தென்மேல் பருவமழை கொட்டினால் அந்தத் தண்ணீர் அவர்களுக்கு ஆற்றில் வந்து சேரும். குடாநாட்டில் ஆறென்று சொல்ல வழுக்கையாறு ஒன்றுதான் உண்டு, அதுவும் மாரிக்குத்தான் ஓடும். எங்கள் மழை ஐப்பசி, கார்த்திகையில் வடகீழ்க் காற்றோடு வருவது. ஆடியில் வீசும் சோளகக் காற்று புழுதியைக் கிளப்புமே தவிர மழை தராது. ஆடிப்பிறப்பு என்பது ஆடி முதல் நாள். அன்று தட்சிணாயனம் தொடங்குகிறது, சூரியன் தெற்கே திரும்புகிறது, இனி மழைக்காலத்தை எண்ணிப் பார்க்கலாம், அவ்வளவே. 'ஆடிப்பட்டம் தேடி விதை' என்ற பழமொழியை நம்பி இங்கே அப்போதே நெல்லை விதைத்தால் காகத்துக்குத்தான் விருந்து.

நாளிலும் ஒரு குழப்பம் உண்டு. எங்கள் கலண்டர்களில் யூலைக்கே 'ஆடி' என்று போட்டிருப்பதால், யூலை 1ஆம் திகதிதான் ஆடிப்பிறப்பு என்று நினைக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். அது யூலை 16 அல்லது 17இல் வரும். வீட்டில் வாக்கியமா திருக்கணிதமா பார்ப்பது என்று கேட்டு, அந்தப் பஞ்சாங்கத்தையே கடைசிவரை பாருங்கள்.

சரி, அன்று வீட்டில் காய்ச்சிப் படைக்கும் ஆடிக்கூழுக்கு வருவோம். பிழைகள் மலிந்து கிடப்பது அங்கேதான்.

இணையத்தில் 'ஆடிக்கூழ்' என்று தேடினால் முதலில் வருவது தமிழகத்தில் மாரியம்மனுக்கு ஊற்றும் கேழ்வரகுக் கூழ். எங்களுடையது பச்சையரிசி மா, பயறு, தேங்காய்ப்பால், பனங்கட்டி சேர்ந்த இனிப்புக் கூழ். இன்னும் சிலர் ஒடியற்கூழோடு போட்டுக் குழப்புவார்கள். அது மீன், நண்டு, இறால் போட்டு உறைப்பாகக் காய்ச்சுவது. படையலுக்கு அதை வைத்தால் வீட்டுப் பெரியவர்கள் சும்மா விடமாட்டார்கள்.

பனங்கட்டிக்குப் பதிலாகச் சீனியோ சர்க்கரையோ போட்டாலும் கூழ் இனிக்கத்தான் செய்யும். ஆனால் அந்த மெல்லிய புகைமணம் வராது. ஓலைக் குட்டானில் வரும் கட்டியை வாங்கி, சுடுநீரில் கரைத்து, துணியில் வடித்த பிறகுதான் சேர்க்க வேண்டும். வடிக்காவிட்டால் கடைசிக் கிண்ணத்தில் மண் கடிபடும்.

பலர் தடுக்கி விழுவது எதை எப்போது போடுவது என்பதில். பயற்றை வறுத்து, மெத்தென்று அவிந்த பிறகே பனங்கட்டி போக வேண்டும். இனிப்பு முந்திப் போனால் பயறு பிறகு எவ்வளவு கொதித்தாலும் விறைப்பாகவே நிற்கும். மாவில் ஒரு பங்கைச் சுடுநீரில் குழைத்து, சின்ன உருண்டைகளாக்கிக் கொதிநீரில் ஒவ்வொன்றாக விடுங்கள். விட்ட உடனே அகப்பையைப் போட்டுக் கலக்கினால் உருண்டை உடைந்து களியாகிவிடும். அவை வெந்து மேலே வரும்வரை கையைக் கட்டிக்கொண்டு நில்லுங்கள். மிச்ச மாவை இரண்டாம் பாலில் கட்டியில்லாமல் கரைத்து, ஒரு கையால் ஊற்றிக்கொண்டே மறு கையால் துழாவ வேண்டும். இதற்குள் சின்னதாக நறுக்கிய தேங்காய்ச் சொட்டும் போய்விட வேண்டும்.

முதற்பால் கடைசியில். ஒரு வருடம் நான் அவசரப்பட்டு அதை முதலிலேயே ஊற்றி அரைமணி நேரம் கொதிக்கவிட்டேன். பால் திரிந்து, மேலே எண்ணெய் மிதந்தது. அம்மம்மா பானைக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, "இது கூழோ, தலைக்கு வைக்கிற எண்ணெயோ?" என்று கேட்டார். இன்றுவரை வீட்டில் அதைச் சொல்லிச் சிரிக்கிறார்கள். முதற்பாலை ஊற்றி ஒரு கொதி வந்ததும், ஏலப்பொடி தூவி, கூழ் ஓடும் பதத்திலேயே இறக்குங்கள். ஆற ஆற அது தானாக இறுகும். அடுப்பிலேயே இறுகவிட்டால் பிறகு கத்தியால்தான் வெட்ட வேண்டும்.

படைக்க முன் இனிப்புப் பார்க்கிறேன் என்று அகப்பையை நக்குவது பிழை. இனிப்பு வேண்டுமென்றால் பனங்கட்டிக் கரைசலிலேயே பார்த்துவிடலாம்.

கூழ் குடிக்கக் கரண்டி எதற்கு? பிலாவிலை இருக்கிறதே. தளிர் இலை சூட்டில் துவளும், பழுத்தது மடிக்கும்போதே பிளக்கும். முற்றிய பச்சை இலையாகப் பார்த்து, மினுங்கும் பக்கம் உள்ளே வரக் கோலி, ஈர்க்கால் குத்துங்கள். ஈர்க்கின் நுனியை முறித்துவிட மறக்க வேண்டாம். சின்னப் பிள்ளைகளின் உதட்டைக் கிழித்துவிடும்.

காத்தோட்டிக்காயைத் தேடி இந்த நாளில் சந்தைக்கு ஓட வேண்டாம். அது தகப்பனை இழந்தவர்கள் விரதம் பிடிக்கும் ஆடி அமாவாசைச் சமையலுக்கு உரியது. அன்றுதான் சனம் கீரிமலைக்குத் தீர்த்தமாடப் போகும். அதிலிருந்து ஆறாம் நாள் நல்லூர்க் கந்தசாமி கோயில் திருவிழாவுக்குக் கொடியேறும்.

மிஞ்சின கூழை மூடி வைத்து அடுத்த நாள் குடிக்கலாம் என்று நினைக்காதீர்கள். தேங்காய்ப்பால் இந்த வெக்கைக்கு இரவு தாங்காது. பொழுதுபட முன் ஒரு சட்டியில் ஊற்றி அடுத்த வீட்டுக்குக் கொடுத்து விடுங்கள். சட்டி வெறுமையாகத் திரும்பி வராது, அவர்கள் வீட்டுக் கொழுக்கட்டை அதற்குள் இருக்கும்.