மெஷின் வாளை ஸ்டார்ட் செய்யும் முன் மரத்தை ஒரு சுற்று சுற்றி வாருங்கள்

குமரி மாவட்டத்தில் குலசேகரம், திற்பரப்பு, அருமனைப் பக்கம் ரப்பர் விளை, அதாவது தோட்டம், வைத்திருப்பவர்கள் பலரிடம் இப்போது சொந்தமாக, சங்கிலி ஓடி அறுக்கும் மெஷின் வாள் இருக்கிறது. முன்பெல்லாம் மரம் முறிக்க இரண்டு பேர் இழுவாளோடு வருவார்கள். வேலை மெதுவாகத்தான் நடக்கும். ஆனால் மரம் எந்தப் பக்கம் நெளிகிறது, எங்கே முனகுகிறது என்று பார்க்க அந்த மெதுவே நேரம் கொடுத்தது. மெஷினில் அந்த நேரம் கிடையாது. அதனால் பார்க்க வேண்டியதை எல்லாம் ஸ்டார்ட் செய்யும் முன்பே பார்த்தாக வேண்டும். நான் கண்ட விபத்துகளில் பெரும்பாலானவை, மரத்தின் பாரம் எங்கே நிற்கிறது என்று பார்க்காமல் வாளை வைத்ததால் வந்தவை.

சரி, எதைப் பார்ப்பது? முதலில் தலையைப் பாருங்கள். சரிவில் நிற்கும் ரப்பர் வெளிச்சம் தேடி ஒரு பக்கமாகவே கொப்பு விட்டிருக்கும். தடி நேராக நிற்பதாகத் தோன்றும், பாரம் முழுக்க பள்ளத்தின் பக்கம் இருக்கும். காய்ந்த கொப்பு எதுவும் மேலே தொங்குகிறதா என்றும் பாருங்கள், மெஷின் அதிரும்போது முதலில் விழுவது அதுதான். பிறகு கோடாலியின் பின்புறத்தால் மூட்டை, அதாவது மரத்தின் அடிப்பகுதியை, தட்டிப் பாருங்கள். உள்ளே பொள்ளலாக, வெறுமையாக இருந்தால் சத்தமே காட்டிக்கொடுக்கும். பால் வெட்டி முடிந்த பழைய மரமென்றால் பால் பிடிக்கும் கப்பு கட்டிய கம்பியும் பால் வடிய அடித்த தகடும் பட்டைக்குள்ளேயே புதைந்துபோயிருக்கும். வீட்டுப் பக்கத்துப் பலாவிலும் அயனி மரத்திலும் துணிக்கொடி கட்ட அடித்த ஆணி இருக்கும். சங்கிலி ஒருமுறை அதில் பட்டால் பல் போய்விடும், அறுந்த சங்கிலி ஆளையும் பதம் பார்க்கும்.

அடுத்த தவறு, ஒரே பக்கமாக நேரே அறுத்துக்கொண்டு போவது. மரம் விழ வேண்டிய பக்கம் ஆப்பு வடிவில் ஒரு துண்டை எடுத்து முதலில் வாய் வைக்க வேண்டும். 40 செ.மீ. குறுக்களவுள்ள மரத்துக்கு 8 முதல் 10 செ.மீ. ஆழம் போதும். பிறகு எதிர்ப்பக்கத்தில், வாயின் அடிமட்டத்தைவிடச் சற்று மேலே, பின்வெட்டு. இரண்டுக்கும் நடுவே சுமார் 4 செ.மீ. மரத்தை அறுக்காமல் விடுங்கள். கதவுக்குக் கீல் மாதிரி அதுதான் மரத்தைத் திசை மாறாமல் இறக்கும். “இன்னும் கொஞ்சம்தானே” என்று அதையும் அறுத்துவிட்டால், எங்கே விழுவது என்பதை மரம்தான் முடிவு செய்யும். ஒரு பக்கம் நன்றாகச் சாய்ந்து நிற்கும் மரத்தில் வேறொரு ஆபத்தும் உண்டு. பின்வெட்டு பாதி போவதற்குள் தடி நெடுக்கப் பிளந்து, பிளந்த பாதி பின்னால் நிற்பவரின் முகத்துக்கு நேரே எழும்பும். அந்த மாதிரி மரத்தைப் பழகிய ஆளிடம் விட்டுவிடுங்கள். மரம் அசையத் தொடங்கியதும் பின்பக்கம் சாய்வாக விலகிப்போக ஒரு வழியை முன்கூட்டியே செத்தை, கல் இல்லாமல் ஒதுக்கி வையுங்கள். மற்றவர்கள் மரத்தின் உயரத்தைப்போல இரண்டு மடங்கு தூரத்தில் நிற்கட்டும்.

தென்னைக்கு இந்தக் கணக்கை அப்படியே பொருத்தாதீர்கள். அதற்கு வைரம் என்னும் கெட்டி மரம் ஓரத்தில்தான், நடுவில் மெத்தென்ற சோறு. அதனால் நடுவில் விடும் கீலை நம்ப முடியாது. வீட்டையொட்டி நிற்கும் தென்னையை ஏறத் தெரிந்தவரை விட்டுத் தலையை முதலில் எடுத்து, தடியைத் துண்டு துண்டாகக் கயிற்றில் இறக்குவதுதான் நல்லது. பக்கத்தில் மின்கம்பி போனால் மின்வாரியத்தில் சொல்லி இணைப்பைத் துண்டித்த பிறகே தொடங்குங்கள். தேக்கு, ஈட்டி மாதிரி மரங்களுக்கு வனத்துறையில் கேட்காமல் வாளை வைக்க வேண்டாம்.

விழுந்து கிடக்கும் மரத்தைப் பற்றித்தான் நிறையச் சொல்ல வேண்டும். 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் அடித்து ஓய்ந்தபோது மாவட்டத்தில் ரப்பரும் தென்னையும் கொத்துக் கொத்தாகச் சரிந்து கிடந்தன. எங்கள் விளையில் வேரோடு சாய்ந்த ஒரு ரப்பரை மூட்டுக்கு ஒரு முழம் தள்ளி அறுத்தோம். தடி அறுந்த அதே நொடியில், வேரும் மண்ணுமாக ஆளுயரம் நிமிர்ந்து நின்ற மூடு ‘தொப்’பென்று திரும்பிக் குழிக்குள் போய் உட்கார்ந்தது. ஐந்து நிமிடம் முன்பு என் அக்கா மகன் அந்தக் குழிக்குள் நின்றுதான் வேர் வெட்டிக்கொண்டிருந்தான். தண்ணீர் குடிக்க மேலே வந்ததால் பிழைத்தான். இன்றும் அதை நினைத்தால் எனக்குக் கை குளிர்ந்துவிடும். குழிக்குள் யாரும் இல்லை என்று கண்ணால் பார்க்காமல் அறுக்காதீர்கள்.

தரையில் கிடக்கும் தடியிலும் இறுக்கம் இருக்கும். இரண்டு முனையும் மேட்டில் தங்கி, நடு அந்தரத்தில் இருந்தால் மேல்பக்கம் நெருங்கும், கீழ்ப்பக்கம் இழுபடும். மேலிருந்து மூன்றில் ஒரு பங்கு அறுத்துவிட்டு மீதியைக் கீழிருந்து அறுங்கள். ஒரு முனை மட்டும் தங்கி மறுமுனை தொங்கினால் அப்படியே மாற்றிச் செய்ய வேண்டும். இதைத் தெரியாமல் அறுப்பவரின் வாள் நடுவில் மாட்டிக்கொள்ளும். அதைப் பிடுங்கப் போகும்போதுதான் அடி படும்.

சங்கிலி ஓடும் நீளத் தகடான பாரின் மூக்கில் மேல்பாதி எதன்மீதும் பட விடாதீர்கள். பட்டால் கண்ணிமைக்கும் நேரத்தில் வாள் எத்தி முகத்துக்கு வரும். இடது கைப் பெருவிரல் முன்பிடியைச் சுற்றிப் பிடித்திருக்க வேண்டும். தோளுக்கு மேலே தூக்கி அறுப்பதும், ஏணியில் நின்று அறுப்பதும் வேண்டவே வேண்டாம். கைலியும் ரப்பர் செருப்புமாக நிற்கிறவர்களைப் பார்த்தால் வயிற்றைக் கலக்குகிறது. சங்கிலி நொடிக்கு 20 மீட்டர் வேகத்தில் ஓடுகிறது, தொங்கும் துணியில் பிடித்தால் காலையும் சேர்த்து இழுக்கும். முழுநீளக் கால்சட்டை, மூடிய பூட்ஸ், கண்ணாடி, தலைக்கவசம், காதுக்கு அடைப்பு, இவ்வளவும் வேண்டும்.

சங்கிலி மழுங்கியதைத் தூளே சொல்லும். செதில் செதிலாக விழுந்தால் கூர் இருக்கிறது. மாவு மாதிரி விழுந்தால் நிறுத்தி அரம் போடுங்கள். கூர் இல்லாத வாளை அழுத்தித்தான் அறுக்க வேண்டியிருக்கும், அழுத்துகிற கை வழுக்கும். மெஷினோடு வந்த புத்தகத்தில் 50:1 என்றிருந்தால் ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு 20 மி.லி. டூ ஸ்ட்ரோக் ஆயில். சங்கிலிக்கு ஊற்றும் ஆயில் வேறு. சூடாக இருக்கும் மெஷினில் பெட்ரோல் ஊற்றாதீர்கள்.

விறகு போடும்போது தடியை மண்ணில் வைத்து அறுக்காமல் அடியில் ஒரு குறுக்குக்கட்டை கொடுங்கள். சரிவில் எப்போதும் மேட்டுப்பக்கம் நில்லுங்கள், அறுந்த துண்டு உருளும். ரப்பர் விறகை ஈரத்திலேயே பிளந்துவிடுங்கள். அப்புறம் தரையில் படாமல் கூரைக்குக் கீழே அடுக்குங்கள். இல்லாவிட்டால் சீக்கிரமே பூசணமும் உளுப்பும் பிடிக்கும். இரண்டு பருவமழையும் நம் மாவட்டத்தில் பெய்வதால் ஜனவரி, பிப்ரவரிதான் மரம் முறித்து விறகு போட வாகான காலம். அப்போது ரப்பர் இலை உதிர்த்து நிற்கும், தலையில் பாரமும் குறைந்திருக்கும்.