பாஸ்வேர்டு சரிதான், ஆனால் டிஎம்ஜி திறக்கவில்லை

மேக்கிலேயே இருக்கும் டிஸ்க் யுட்டிலிட்டி ஆப் வைத்துப் பூட்டிய டிஎம்ஜி (பல ஃபைல்களை உள்ளே வைத்து, ஒரு டிரைவ் போலத் திறக்கும் ஒற்றை ஃபைல்) திறக்கவில்லை என்றால், அதே பாஸ்வேர்டைப் பத்து தடவை அடிக்காதீர்கள். முதல் வேலையாக அந்த ஃபைலை வேறொரு டிரைவில் காப்பி எடுத்து, இனி எல்லாச் சோதனையும் காப்பியில் மட்டும் செய்யுங்கள். அப்புறம், எந்த இடத்தில் மறுக்கிறது என்று பாருங்கள்.

பாஸ்வேர்டு தப்பு என்று திரும்பத் திரும்பக் கேட்கிறதா? பெரும்பாலும் நீங்கள் அடிப்பதும் அன்று வைத்ததும் ஒன்றல்ல. எனக்கு ஒருமுறை முக்கால் மணி நேரம் போனது இதில்தான். பாஸ்வேர்டை நோட்ஸில் எழுதி வைத்திருந்தேன், நடுவில் இரண்டு சிறு கோடுகள். நோட்ஸ் அதை அழகுபடுத்துகிறேன் என்று ஒரே நீளக் கோடாக மாற்றிவிட்டது, நான் அதையே காப்பி செய்து ஒட்டிக்கொண்டிருந்தேன். நேர் மேற்கோள்குறி வளைந்துபோவது, ஐபோனில் எழுதும்போது முதல் எழுத்து தானாகப் பெரிய எழுத்தாவது, கடைசியில் ஒரு ஸ்பேஸ் ஒட்டிக்கொண்டு வருவது எல்லாம் இதே கதைதான். பாஸ்வேர்டு கேட்கும் பெட்டியில் அதைக் காட்டும் டிக் இருக்கும். அதைப் போட்டுவிட்டுக் கையால் அடியுங்கள். கீபோர்டு தமிழிலோ வேறு லேஅவுட்டிலோ நிற்கிறதா என்றும் ஒரு பார்வை.

பாஸ்வேர்டே மறந்துவிட்டதா? அன்று கீசெயினில், அதாவது மேக் பாஸ்வேர்டுகளைச் சேமித்து வைக்கும் இடத்தில், நினைவில் வைக்கச் சொல்லியிருந்தால் பிழைத்தீர்கள். ஸ்பாட்லைட்டில் கீசெயின் ஆக்சஸ் ஆப்பைத் தேடித் திறந்து, டிஎம்ஜியின் பெயரைத் தேடுங்கள். ஃபைலுக்கு நடுவில் பெயர் மாற்றியிருந்தால் பழைய பெயரில் தேட வேண்டும். கிடைத்ததை டபுள் கிளிக் செய்து, மேக்கின் லாகின் பாஸ்வேர்டைக் கொடுத்தால் காட்டிவிடும். புது மேக்குக்கு மாறியவர்கள் பழைய மேக்கிலும் பாருங்கள். அங்கேயும் இல்லையென்றால், உங்கள் நினைவுதான் கதி: உள்ளே இருப்பது 128 அல்லது 256 பிட் ஏஇஎஸ் என்ற உடைக்க முடியாத பூட்டு முறை, ஆப்பிளிடம் மாற்றுச் சாவி கிடையாது. திறந்து தருகிறேன் என்று முன்பணம் கேட்பவரிடம் ஏமாறாதீர்கள்.

பாஸ்வேர்டே கேட்காமல் ஃபைலை அடையாளம் தெரியவில்லை என்கிறதா? இது பூட்டின் பிரச்சினை இல்லை, ஃபைல் அடிபட்டிருக்கிறது. மூல ஃபைலின் அளவோடு ஒப்பிடுங்கள், டவுன்லோடு பாதியில் நின்றிருக்கலாம். ஐகிளவுடில் இருந்தால் முழுசாக இறங்கட்டும். டிஎம்ஜிக்குப் பதில் ஸ்பார்ஸ்பண்டில் என்ற வகையில் செய்திருந்தால் இன்னும் கவனம் தேவை, ஏனென்றால் அது ஒரு ஃபைல் போலத் தெரிந்தாலும் உள்ளே நிறைய சின்னத் துண்டுகள் கொண்ட ஃபோல்டர்; அதிலுள்ள டோக்கன் என்ற ஃபைல் தொலைந்தால் சரியான பாஸ்வேர்டும் உதவாது, பழைய பேக்கப்பிலிருந்துதான் எடுக்க வேண்டும்.

பாஸ்வேர்டை ஏற்றுக்கொண்டு, பிறகு மவுண்ட் செய்ய (டிரைவாகத் திறந்து காட்ட) எதுவும் இல்லை என்று சொன்னால் பூட்டு திறந்துவிட்டது, உள்ளே ஃபைல்களை அடுக்கி வைக்கும் முறையான ஃபைல் சிஸ்டம்தான் தகராறு. பழைய மேக்ஓஎஸ், ஆப்பிளின் புதிய ஃபைல் சிஸ்டமான ஏபிஎஃப்எஸ்ஸைச் சரியாகத் திறக்காமல் போகலாம். 2017இல் வந்த ஹை சியரா என்ற மேக்ஓஎஸ்ஸோ அதற்குப் புதியதோ உள்ள மேக்கில் போட்டுப் பாருங்கள். அங்கும் இல்லையென்றால் டிஸ்க் யுட்டிலிட்டியில் அந்த வால்யூம் (டிஎம்ஜிக்குள் இருக்கும் டிரைவ்) தெரிகிறதா பார்த்து, அதிலுள்ள பழுது பார்க்கும் ஃபர்ஸ்ட் எய்ட் ஓட்டுங்கள், காப்பியில்தான்.

திறந்த உடனே உள்ளே இருப்பதையெல்லாம் வெளியே எடுத்து, புது டிஎம்ஜி செய்து அதில் போடுங்கள். பாஸ்வேர்டை இந்த முறை பேப்பரில் எழுதுங்கள், நோட்ஸில் வேண்டாம்.