ரேஷன் கடையில் கைரேகை விழவில்லையா? வெறும் பையோடு திரும்பாதீர்கள்

எதிர்காலத்தில் மெஷின்கள் நம்மை ஆட்டிப்படைக்கும் என்று பயப்படுகிறவர்கள், ஒருநாள் ரேஷன் கடை வரிசையில் நின்று பார்க்கலாம். சித்தாள் வேலை பார்த்தவர், வருடக்கணக்காகப் பாத்திரம் தேய்த்தவர், வயதானவர் என்று உழைத்துத் தேய்ந்த கைகளைத்தான் அங்கிருக்கும் கைரேகை மெஷின் ‘பொருந்தவில்லை’ என்று தள்ளுகிறது. ஆபீஸ் வேலை பார்ப்பவருக்கு இந்தத் தொல்லை குறைவு.

சரி, என்ன செய்யலாம்? கையைக் கழுவி ஈரம் போகத் துடையுங்கள், மெஷினின் கண்ணாடியையும் துடைக்கச் சொல்லுங்கள், பாதி நேரம் அதில்தான் அழுக்கு. கட்டைவிரலையே திரும்பத் திரும்ப அழுத்த வேண்டாம். ஆதாரில் பத்து விரலும் பதிவாகியிருக்கும், மோதிர விரலை வைத்துப் பாருங்கள். ரேகைக்குப் பதில் கருவிழியைப் படிக்கும் கருவி இருந்தால் கேளுங்கள். கார்டில் பெயர் உள்ள வேறொருவர் வந்து வைத்தாலும் போதும்.

எதுவும் நடக்கவில்லை, கடைக்காரர் “நாளைக்கு வாங்க” என்கிறார். இங்கேதான் நம் ஆட்கள் தலையாட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள், கூலி வேலைக்குப் போகிறவருக்கு அது இன்னொரு நாள் சம்பளம். ரேகை விழாவிட்டால் ரேஷன் கார்டையும் ஆதாரையும் நேரில் பார்த்துவிட்டுப் பொருளைக் கொடுக்க வேண்டும், அதைத் தனிப் பதிவேட்டில் எழுத வேண்டும் என்று மத்திய உணவுத் துறை 2017 அக்டோபர் 24 அன்றே மாநிலங்களுக்கு எழுதிவிட்டது. அதற்கு முந்தைய மாதம் ஜார்க்கண்டின் சிம்டேகாவில் 11 வயதுச் சிறுமி இறந்தாள். ஆதாரோடு இணைக்கவில்லை என்று அந்தக் குடும்பத்தின் கார்டு ரத்தாகியிருந்தது. பட்டினியால் இறந்தாள் என்றார் தாய், அரசு மறுத்தது.

ஆகவே “பதிவேட்டில் எழுதிட்டுக் குடுங்க” என்று கேளுங்கள். விற்பனையாளரிடம் கத்த வேண்டாம், பில் விழாவிட்டால் இருப்புக் கணக்குக்குப் பதில் சொல்ல வேண்டியவர் அவர். மறுத்தால் திரையைப் போட்டோ எடுத்து, தேதி, நேரம், கடை எண் குறித்துக்கொண்டு ரேஷன் புகாருக்கான உதவி எண் 1967-க்கு அழையுங்கள். அப்புறம் வட்ட வழங்கல் அலுவலரிடம் எழுத்தில் மனு, வழக்கமாக இரண்டாவது சனிக்கிழமை நடக்கும் குறைதீர் முகாமிலும் கொடுக்கலாம்.

கடைக்கே வர முடியாதவர்கள் வேறொருவரை அனுப்ப அங்கீகாரப் படிவம் உண்டு. 2025 ஆகஸ்டில் தொடங்கிய தாயுமானவர் திட்டத்தில் முதியவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் பொருள் வீட்டுக்கே வரும், கூடவே மெஷினும் வரும்.

முடிந்தால் ஆதார் மையத்தில் ரேகையைப் புதுப்பித்துவிடுங்கள். தேய்ந்த ரேகை மறுபடியும் சரியாக விழாமல் போகலாம், அதனால் கருவிழி ஒழுங்காகப் பதிவானதா என்று அங்கேயே கேட்டு, ஒப்புகைச் சீட்டை வாங்கிக்கொண்டு கிளம்புங்கள்.