பரு ஃபேஸ்வாஷ் தயாரிப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்: சேர்த்ததெல்லாம் வேலை செய்வதில்லை

மலேசியாவின் கிள்ளான் பள்ளத்தாக்கில் வீட்டிலிருந்தே சோப்பும் ஃபேஸ்வாஷும் செய்து விற்கும் நம்மவர்கள் பெருகிவிட்டார்கள். தீபாவளி நெருங்கும்போது பிரிக்ஃபீல்ட்ஸ் பக்கம் போனால் முறுக்கு டப்பாவுக்குப் பக்கத்திலேயே 'ஆன்டிபாக்டீரியல் வேப்பிலை ஃபேஸ்வாஷ்' நிற்கும். லேபிளைப் படித்தால் சாலிசிலிக் அமிலம், டீ ட்ரீ எண்ணெய், வேப்பிலை, மஞ்சள் என்று பட்டியல் நீளும். அதைப் பார்த்தே பரு ஊரை விட்டு ஓட வேண்டும். ஓடுவதில்லை. பெரும்பாலும் காரணம் ஒன்றுதான்: பொருள் பாட்டிலுக்குள் இருக்கிறது, ஆனால் வேலை செய்யும் நிலையில் இல்லை.

சாலிசிலிக் அமிலமும் சோப் பேஸும்

அடிக்கடி கண்ணில் படுவது இந்தத் தவறு. கடையில் வாங்கிய சோப் பேஸை உருக்கி, 2 சதவீதம் சாலிசிலிக் அமிலத்தைக் கலந்து, அச்சில் ஊற்றி, பரு சோப்பு என்று விற்பார்கள். சோப்பு காரம். அதன் பிஹெச், அதாவது அமில-கார அளவு, 9 முதல் 10 வரை இருக்கும் (எண் குறையக் குறைய அமிலம் கூடும்). அமிலம் அதில் விழுந்ததும் சோடியம் சாலிசிலேட் என்ற உப்பாகிவிடும். தோல் துவாரத்தில் அடைத்துக் கிடக்கும் எண்ணெய்க்குள் நுழையக் கூடியது அமில வடிவம். உப்பு வடிவம் தண்ணீரோடு தண்ணீராகச் சிங்க்கில் போய்விடும்.

கணக்கு போட்டே பார்த்துவிடலாம். சாலிசிலிக் அமிலத்தின் பிகேஏ, அதாவது அது சரிபாதி உப்பாக மாறி நிற்கும் பிஹெச், 2.97. பிஹெச் 3 இருக்கும்போது ஏறக்குறைய பாதி அமிலமாகவே இருக்கும். 4-க்கு வந்தால் நூற்றுக்கு எட்டு, ஒன்பது. 5-இல் நூற்றுக்கு ஒன்றுகூடத் தேறாது. சோப்பின் பிஹெச்சில் தேடினாலும் கிடைக்காது. லேபிளில் 2 சதவீதம் என்று போட்டது பொய் இல்லை. ஆனால் வாங்குபவருக்கு அதனால் ஒரு பயனும் இல்லை.

சரி, பிஹெச்சை இறக்கிவிடலாமே? இறக்கலாம், ஆனால் அடுத்த சிக்கல் அங்கேதான் காத்திருக்கிறது. சாலிசிலிக் அமிலம் தண்ணீரில் லிட்டருக்கு 2 கிராம் அளவுக்குத்தான் கரையும். 2 சதவீதம் என்றால் லிட்டருக்கு 20 கிராம். சூடாக்கிக் கலக்கினால் கரைந்துவிட்ட மாதிரி தெரியும். ராத்திரி ஏர்கான் ஓடும் அறையில் வைத்துவிட்டுக் காலையில் எடுத்துப் பாருங்கள்: அடியில் ஊசி ஊசியாகப் படிகம் இறங்கியிருக்கும். அப்படியே பம்ப் செய்தால் ஒரு நாள் வெறும் நுரை வரும், இன்னொரு நாள் தோலை உரிக்கும் அளவுக்கு அமிலம் வரும். புரொப்பிலீன் கிளைக்கால் மாதிரிக் கரைப்பான் ஒன்றில் முதலில் கரைத்து, பிஹெச்சை 3.5-க்கும் 4-க்கும் இடையில் நிறுத்தி, சில வாரங்கள் குளிரிலும் சூட்டிலும் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்த பிறகே அளவை முடிவு செய்ய வேண்டும். 2 சதவீதம் கட்டாயம் என்று யாரும் சொல்லவில்லை. அமெரிக்காவில் மருந்துச் சீட்டு இல்லாமல் விற்கும் பரு மருந்துகளுக்கு அனுமதித்த அளவே 0.5 முதல் 2 சதவீதம் வரைதான். நிலையாக நிற்கும் 1 சதவீதம், படிகமாகிப் போன 2 சதவீதத்தைவிட எவ்வளவோ மேல்.

ஒன்றை ஒன்று முடக்கும் பொருள்கள்

கிருமியைக் கொல்ல குளோர்ஹெக்சிடினையோ பென்சால்கோனியம் குளோரைடையோ எடுத்து, வழக்கமான எஸ்எல்இஎஸ் நுரைப்பொருளில் கலப்பது அடுத்த தவறு. முதல் இரண்டும் நேர்மின்னேற்றம் கொண்டவை, எஸ்எல்இஎஸ் எதிர்மின்னேற்றம் கொண்டது. கலந்ததும் இரண்டும் ஒட்டிக்கொள்ளும். சில நேரம் வெள்ளையாகத் திரியும், அது நல்ல காலம், கண்ணால் பார்த்துவிடலாம். பல நேரம் கலவை கண்ணாடி மாதிரித் தெளிவாகவே இருக்கும். உள்ளே கிருமிநாசினி செத்துப் போயிருக்கும். பல் டாக்டர் குளோர்ஹெக்சிடின் மவுத்வாஷ் எழுதிக் கொடுக்கும்போது, பல் துலக்கிய உடனே கொப்பளிக்காதீர்கள், கொஞ்சம் இடைவெளி விடுங்கள் என்பார். பற்பசையின் நுரைப்பொருளால் வரும் அதே சண்டைதான். மருத்துவமனைகளில் கை கழுவ வைக்கும் குளோர்ஹெக்சிடின் கரைசல்களில் மின்னேற்றம் இல்லாத நுரைப்பொருள்கள் இருப்பதும் இதனால்தான். பிஹெச்சை மாற்றியோ, கூடுதலாக ஊற்றியோ இதைச் சரிசெய்ய முடியாது. அடிப்படையையே மாற்ற வேண்டும்.

இதே வகையில் சத்தமில்லாத ஒரு சண்டையும் உண்டு. டீ ட்ரீ எண்ணெயைத் தண்ணீரில் கலக்க பாலிசார்பேட் 20-ஐத் தாராளமாக ஊற்றுவார்கள். கலவை கெடாமல் காக்கும் பிரிசர்வேட்டிவாகப் போட்ட பாராபெனை அந்தப் பாலிசார்பேட்டே பிடித்து வைத்துக்கொள்ளும், வேலை செய்ய விடாது.

'கிருமிநாசினிதானே, பிரிசர்வேட்டிவ் எதற்கு?'

எனக்குக் கோபம் வருவது இந்த இடத்தில்தான். வேப்பிலையை அரைத்துச் சாறு எடுத்து, கற்றாழைக் கூழையும் சேர்த்து, 'கெமிக்கல் இல்லை' என்று எழுதி ஒட்டுவது. தண்ணீர், சர்க்கரை, புரதம், கோலாலம்பூரின் 32 டிகிரி வெயில்: சூடோமோனாஸ் பாக்டீரியாவுக்கு இதைவிட நல்ல விருந்து யாராலும் வைக்க முடியாது. வேப்பிலைக்குக் கிருமியை அடக்கும் தன்மை கொஞ்சம் இருக்கலாம். அதற்காக ஒரு பாட்டிலை ஆறு மாதம் காப்பாற்றும் பொறுப்பை அதன் தலையில் கட்டக் கூடாது. உடைந்த பருவின் மேல் அந்தக் கலவையைத் தேய்ப்பவரை நினைத்துப் பாருங்கள். வைட்டமின் ஈ-யும் பிரிசர்வேட்டிவ் ஆகாது: கலவையிலுள்ள எண்ணெயைக் கெடாமல் பார்த்துக்கொள்ளும், கிருமியைத் தடுக்காது.

பிரிசர்வேட்டிவாகச் சோடியம் பென்சோயேட் போட்டவர்களும் பிஹெச்சைப் பார்க்க வேண்டும். அதுவும் அமில நிலையில்தான் வேலை செய்யும். 5-க்கு மேல் போனால் பெயருக்குத்தான் இருக்கும். 'இயற்கை' நுரைப்பொருள் என்று பலர் வாங்கும் டெசில் குளுக்கோசைடு 11-ஐத் தாண்டிய பிஹெச்சோடு வருகிறது. சிட்ரிக் அமிலம் விட்டு இறக்காமல் அதில் பென்சோயேட்டைப் போடுவது தண்ணீரில் எழுதுவதுதான். விற்பனைக்குப் போகும் எதையும் ஆய்வகத்தில் சேலஞ்ச் டெஸ்டுக்குக் கொடுங்கள். ஐஎஸ்ஓ 11930 முறையில் பாக்டீரியா, ஈஸ்ட், பூஞ்சை எல்லாவற்றையும் வேண்டுமென்றே கலவைக்குள் விட்டு, எத்தனை நாளில் அடங்குகின்றன என்று எண்ணிப் பார்ப்பார்கள்.

தட்டில் தெரியும் வட்டம்

ஆய்வகத்தில் கிருமி வளர்க்கும் அகார் தட்டில் ஃபேஸ்வாஷை ஒரு சொட்டு விட்டு, சுற்றிலும் கிருமி வளராத வட்டத்தைப் படம் பிடித்து விளம்பரத்தில் போடுகிறார்கள். தட்டில் அந்தச் சொட்டு ஒரு நாள் முழுக்க உட்கார்ந்திருந்தது. முகத்தில் ஃபேஸ்வாஷ் இருப்பது இருபது வினாடி. மேலும், அந்தத் தட்டில் வளர்ப்பது பெரும்பாலும் ஸ்டாஃபிலோகாக்கஸ். பருவோடு தொடர்புள்ள கியூட்டிபாக்டீரியம் ஆக்னெஸ் காற்றில்லாத இடத்தை விரும்பி மயிர்க்கால்களின் ஆழத்தில் குடியிருப்பது. பரு இல்லாதவர் தோலிலும் அது இருக்கும். மேலே நுரை போனதும் அது செத்துவிடும் என்று எதிர்பார்ப்பது பேராசை.

டீ ட்ரீ எண்ணெய்க்கும் இதே கதை. 1990-இல் ஆஸ்திரேலியாவில் 124 பேரை வைத்து நடந்த ஆய்வில் 5 சதவீத டீ ட்ரீ ஜெல், 5 சதவீத பென்சாயில் பெராக்சைடு என்ற பரு மருந்து அளவுக்கு வேகமாக இல்லாவிட்டாலும் பருவைக் குறைத்தது. பக்க விளைவும் குறைவு. ஆனால் அது பூசி விடும் ஜெல். இங்கே 100 மில்லி ஃபேஸ்வாஷில் இரண்டு சொட்டு விட்டுவிட்டு அந்த ஆய்வைக் காட்டுகிறார்கள். 5 சதவீதத்துக்கு ஏறக்குறைய நூறு சொட்டு வேண்டும். அதற்காக நூறு சொட்டை ஊற்றிவிடாதீர்கள். காற்றும் வெளிச்சமும் பட்டுப் பழசான டீ ட்ரீ எண்ணெய் அலர்ஜியைக் கிளப்பும் பொருளாக மாறும். பாசார் மாலமில் (இரவுச் சந்தையில்) விளக்கு வெளிச்சத்தில் கண்ணாடிப் பாட்டிலில் அடுக்கி வைத்திருப்பது அதனால்தான் ஆபத்து.

எரிந்தால் வேலை செய்கிறதா?

நம் தோலில் எரிச்சலுக்குத் தனி விலை உண்டு. நிறம் கூடிய தோலில் ஒரு சின்ன வீக்கம் ஆறினாலும் கருந்தழும்பு மாதக்கணக்கில் நிற்கும். பலர் டாக்டரிடம் போவது பருவுக்காக இல்லை, அந்தக் கறைக்காகத்தான். ஆகவே, 'கொஞ்சம் எரியும், அப்படியென்றால் கிருமி சாகிறது' என்று வாடிக்கையாளரிடம் சொல்லாதீர்கள். எலுமிச்சைச் சாற்றைக் கலக்கவே வேண்டாம். அதிலுள்ள ஒரு பொருள் வெயில் பட்டால் தோலைச் சுட்டுவிடும். ஹெல்மெட் போட்டு மோட்டாரில் போகிறவரின் நெற்றியில், ஒரே அளவில், அரிப்போடு வரும் பொரிப்பொரிக் கட்டிகளைப் பருவென்று எண்ணி ஆன்டிபாக்டீரியல் கொடுப்பதும் தவறு. மலசீசியா என்ற ஈஸ்ட்டால் வருவதாக இருக்கலாம். இந்த ஈரக் காற்றில் அது சகஜம். அதன் மேல் தேங்காய் எண்ணெய் தடவினால் அந்த ஈஸ்ட்டுக்குச் சாப்பாடு போட்டதாகிவிடும்.

பென்சாயில் பெராக்சைடு பக்கம் போகவே வேண்டாம். பவுடராகக் காய்ந்துபோனால் வெடிக்கக் கூடியது. அதனால்தான் ஈரத்தோடு விற்கிறார்கள். ஆசியான் அழகுப் பொருள் விதிகளில் தோலுக்குப் போடும் பொருள்களில் அதற்கு இடமில்லை, மருந்தாகத்தான் வர வேண்டும். சூட்டில் அது புற்றுநோயை உண்டாக்கும் பென்சீனாகச் சிதையலாம் என்று 2024-இல் அமெரிக்க ஆய்வகம் ஒன்று சொன்ன பிறகு, அந்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 95 பொருள்களைச் சோதித்தது. 90 சதவீதத்துக்கு மேற்பட்டவற்றில் பென்சீன் கண்டுபிடிக்க முடியாத அளவு அல்லது மிகக் குறைவு, சிலவற்றைத் திரும்பப் பெற்றார்கள். ஃபார்மசியில் வாங்கியதை வெயிலில் நிற்கும் காரில் விட்டுவிட்டுப் போகாமல் இருந்தால் போதும். கிளிண்டாமைசின் என்ற ஆன்டிபயாடிக் கேப்சூலை உடைத்து டோனரில் கலப்பவர்களுக்கு ஒரே வரி: அது டாக்டர் எழுதித் தரும் மருந்து, தனியாகப் பூசினால் கிருமி அதற்குப் பழகிவிடும்.

எழுத்தும் எண்ணும்

மலேசியாவில் அழகுப் பொருளை விற்கும் முன் மருந்து, அழகுப் பொருள் ஒழுங்குமுறை அமைப்பான என்பிஆர்ஏவிடம் அறிவித்து, 'நாட்' என்று தொடங்கும் எண்ணைப் பெற வேண்டும். அந்த எண் கிடைத்தாலும் 'பருவைக் குணப்படுத்தும்' என்று எழுத உரிமை கிடைத்துவிடாது. குணப்படுத்தும் என்றால் அது மருந்து. அதற்குப் பதிவு வேறு. 'பருக்கள் உள்ள தோலுக்கு ஏற்றது' என்ற அளவோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மீறினால், 1984-ஆம் ஆண்டு மருந்து, அழகுப் பொருள் கட்டுப்பாட்டு விதிகளின்படி தனிநபருக்கு முதல் குற்றத்துக்கே 25,000 ரிங்கிட் வரை அபராதமோ மூன்றாண்டு வரை சிறையோ கிடைக்கலாம்.

தொழிலைத் தொடங்குபவர் விலை உயர்ந்த சாற்றுக்குக் கொடுக்கும் காசை முதலில் பிஹெச் மீட்டருக்குக் கொடுக்கலாம். பிஹெச் 4, 7 என்ற இரண்டு திட்டக் கரைசல்களால் அளவைச் சரிபார்த்து, ஃபேஸ்வாஷைச் சுத்தமான தண்ணீரில் பத்தில் ஒரு பங்காகக் கலக்கி அளக்க வேண்டும். காகிதப் பட்டை மலிவுதான், ஆனால் மஞ்சள் சேர்த்த கலவையில் அதை நம்ப முடியாது. பட்டையில் ஏறும் நிறம் மஞ்சளுடையதா, பிஹெச்சுடையதா என்று தெரியாது. போதாததற்கு மஞ்சளே காரத்தில் சிவந்துவிடும்.