உபுண்டு சர்வரில் பைத்தான் பழுதானால் சரிசெய்வது எப்படி?

உபுண்டு 22.04 ஓடும் சர்வரில் பைத்தான் 3.11-ஐ நிறுவி, 'பைத்தான்3' என்ற கட்டளையையே அந்தப் புதிய பதிப்புக்குத் திருப்பிவிட்டால், மென்பொருள்களை நிறுவவும் நீக்கவும் உதவும் ஆப்ட் கருவியில் அடுத்த முறை 'ஆப்ட் அப்டேட்' கொடுக்கும்போது 'ஆப்ட்_பிகேஜி என்ற மாட்யூல் இல்லை' என்ற பிழைச் செய்தி வரக்கூடும் (மாட்யூல் என்பது பிற நிரல்கள் எடுத்துப் பயன்படுத்தும் நிரல் தொகுப்பு). இந்தப் பழுதை எப்படிச் சரிசெய்வது என்று பார்ப்போம். கட்டளைகளை இங்கே தமிழ் எழுத்தில் தந்திருக்கிறேன்; டெர்மினலில் ஆங்கில எழுத்தில் தட்டச்சிடுங்கள்.

காரணம் எளிது. 22.04-உடன் வரும் பைத்தான் 3.10 என்பது இயங்குதளத்துக்குச் சொந்தமான கருவி. ஆப்ட் சி++ மொழியில் எழுதப்பட்டதால் அது ஓடிக்கொண்டுதான் இருக்கும். ஆனால் அதைச் சுற்றியுள்ள பல துணை நிரல்கள் பைத்தானில் எழுதப்பட்டவை, அவற்றுக்குத் தேவையான ஆப்ட்_பிகேஜி மாட்யூலோ 3.10-க்கென்றே கம்பைல் செய்யப்பட்டது என்பதால், 3.11-இன் கண்ணுக்கு அது தெரிவதில்லை. அந்த மாட்யூல் கோப்பின் பெயரை மாற்றியோ அதைச் சுட்டும் புதிய இணைப்புக் கோப்பு உருவாக்கியோ ஒப்பேற்றும் குறுக்குவழியைப் பலர் சொல்வார்கள். அதைச் செய்யாதீர்கள், பிழைச் செய்தி மறைந்தாலும் பழுது அப்படியே இருக்கும்.

எதையும் தொடுவதற்கு முன் சர்வரின் ஸ்னாப்ஷாட் (அந்நேர நிலையின் நகல்) ஒன்றை எடுத்துவிட்டு, சர்வரைத் தொலைவிலிருந்து இயக்கும் எஸ்எஸ்ஹெச் இணைப்பு ஒன்றை வேலை முடியும்வரை மூடாமல் வைத்திருங்கள்.

முதலில், பைத்தான்3 எந்தப் பதிப்பைச் சுட்டுகிறது என்று அறிய 'ரீட்லிங்க் -எஃப் /யுஎஸ்ஆர்/பின்/பைத்தான்3' என்று கொடுங்கள். விடை 3.10 என்று முடிந்தால் சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது, 3.11 என்று முடிந்தால் நாம் தேடிய பழுது இதுதான்.

அடுத்து, ஒரு கட்டளை எந்தப் பதிப்பைச் சுட்ட வேண்டும் என்று தேர்ந்தெடுக்கும் அப்டேட்-ஆல்டர்நேட்டிவ்ஸ் கருவி வழியாகப் பதிப்பை மாற்றியிருந்தால், 'சுடோ அப்டேட்-ஆல்டர்நேட்டிவ்ஸ் --ரிமூவ்-ஆல் பைத்தான்3' என்ற கட்டளையால் அந்த ஏற்பாட்டை நீக்குங்கள் ('சுடோ' என்பது கட்டளையை நிர்வாகி உரிமையுடன் ஓட்டுவது). இது பைத்தான்3 என்ற இணைப்பையும் சேர்த்தே அழித்துவிடும் என்பதால், இங்கே நிறுத்திவிட்டு எழுந்து போய்விடக் கூடாது. உடனே 'சுடோ எல்என் -எஸ்எஃப் பைத்தான்3.10 /யுஎஸ்ஆர்/பின்/பைத்தான்3' என்று கொடுத்து, பழைய இணைப்பை மீட்டெடுங்கள். இந்த இரண்டின் வரிசையை மாற்றினால், மீட்டெடுத்த இணைப்பையே நீங்கள் அழித்துவிட நேரலாம்.

பிறகு 'சுடோ ஆப்ட் இன்ஸ்டால் --ரீஇன்ஸ்டால் பைத்தான்3-மினிமல் பைத்தான்3-ஆப்ட்' என்று கொடுத்து, பிழையின்றி முடிந்ததும் 'சுடோ ஆப்ட் அப்டேட்' ஓட்டிப் பாருங்கள்.

பைத்தானையே ஆப்ட் கொண்டு நீக்கிவிட்டவர்களின் நிலை இதைவிடக் கடினமானது. அதைச் சார்ந்திருக்கும் நெட்பிளான் (நெட்வொர்க்கை அமைப்பது), கிளவுட்-இனிட் (சர்வரின் தொடக்க அமைப்பைச் செய்வது) போன்றவையும் உடன் போயிருக்கக்கூடும். அந்நிலையில் சர்வரை ரீபூட் செய்தால் நெட்வொர்க் எழாமலே போகலாம். ஆகவே ரீபூட் செய்யாமல், /வார்/லாக்/ஆப்ட்/ஹிஸ்டரி.லாக் என்ற கோப்பில், நீக்கப்பட்டவற்றின் பட்டியலைப் பார்த்து, அவை அனைத்தையும் மீண்டும் நிறுவுங்கள்.

3.11 இன்னும் தேவையென்றால், அது சர்வரில் தனியே இருப்பதில் தவறே இல்லை. திட்டத்துக்கென்று தனிப் பைத்தான் சூழல் உருவாக்க உதவும் பைத்தான்3.11-வென்வ் என்ற பேக்கேஜை நிறுவிக்கொண்டு, உங்கள் திட்டத்தின் கோப்புறைக்குள் 'பைத்தான்3.11 -எம் வென்வ் சூழல்' என்று கொடுங்கள். 'சூழல்' என்பதற்குப் பதில் நீங்கள் விரும்பும் பெயரை இடலாம். இனி பைத்தான் பேக்கேஜ்களை நிறுவும் பிப் கருவி கொண்டு நிறுவுவதையெல்லாம் அந்தச் சூழலுக்குள்ளேயே, சுடோ இல்லாமல் நிறுவுங்கள்.