நீர்வண்ண உருவப்படத்தில் முதலில் பார்க்க வேண்டியது வெறும் தாள்

அழகாக உடுத்திய ஒரு பெண்ணின் நீர்வண்ணப் படம் எதிரே இருந்தால் கண் நேராக முகத்துக்குத்தான் போகும். ஒரு நிமிடம் அதை விட்டுவிட்டு, வண்ணம் படாத தாள் எங்கெல்லாம் தெரிகிறது என்று தேடுங்கள். முத்தின் மினுக்கம், மூக்கு நுனியின் ஒளி, பட்டு மடிப்பின் பளபளப்பு பெரும்பாலும் பூசியவை அல்ல, பூசாமல் காத்தவை. சிலர் வெள்ளை கௌவாஷ் (அடியில் உள்ளதை மறைக்கும் கெட்டியான நீர்வண்ணம்) வைப்பதுண்டு. பக்கவாட்டில் நின்று பார்த்தால் அந்த இடம் மட்டும் சுண்ணாம்புபோல் மங்கித் தெரியும்.

அடுத்து, படத்தின் மூலைவிட்டத்தைப்போல் இரு மடங்கு தூரம் தள்ளி நின்று கண்ணைச் சுருக்குங்கள். நிறங்கள் அடங்கி, ஒளியும் இருளும் மட்டும் மிஞ்சும். அப்போதும் முகம் தனித்து நிற்க வேண்டும். உடை முந்திக்கொண்டால் அது உடையின் படம்.

இனி ஓர் அடி தூரத்துக்கு வாருங்கள். துணியில்தான் ஓவியரின் கை தெரியும். பட்டில் ஒளி சட்டென்று நிழலாக மாறும், ஓரம் கூராக இருக்கும். வெல்வெட்டில் மடிப்பின் நடு இருண்டு, விளிம்பு ஒளிரும். மெல்லிய துணி என்றால் கீழே தோலின் நிறத்தைப் பூசி, நன்றாகக் காய்ந்த பிறகே மேலே ஒரு படலம் ஓட்டியிருப்பார்கள். லேஸுக்கு, ஏறக்குறைய உலர்ந்த பிரஷைச் சொரசொரப்பான தாளில் இழுத்தாலே போதும். மேடுகளில் மட்டும் வண்ணம் ஒட்டும். ஒவ்வொரு துளையையும் வரைந்தால் லேஸ் தகடாகிவிடும். வெள்ளை உடையின் நிழல் வெறும் சாம்பலா என்றும் பாருங்கள். அமெரிக்க ஓவியர் ஜான் சிங்கர் சார்ஜென்ட் (1856–1925) வரைந்த வெள்ளை உடைகளின் நிழலில் நீலமும் ஊதாவும் ஓடும்.

முகத்தில் கன்னம், மூக்கு, காது சிவந்தும், தாடையோரம் நீலச் சாயலுடன் சற்றுக் குளிர்ந்த நிறமாகவும் இருந்தால் உயிர் இருக்கும். தோல் சேறாகத் தெரிந்தால், அடிப்பூச்சு காயுமுன் மேலே பூசியிருப்பார்கள், அல்லது நிறங்களை அளவுக்கு மீறிக் கலந்திருப்பார்கள். பாதி காய்ந்த இடத்தில் கூடுதல் நீர் விழுந்தால் காலிஃபிளவர் போல, ரம்பப் பல் ஓரத்துடன் ஒரு கறை பூக்கும். கன்னத்தில் அது பிழை, பின்னணியில் பல நேரம் அழகு.

பழைய படமென்றால் உதடு வெளுத்திருப்பதை வைத்து முடிவு கட்டாதீர்கள். அலிசரின் கிரிம்சன் போன்ற சிவப்புகள் வெளிச்சத்தில் மங்கும். சட்டத்தைப் பிரிக்க நேர்ந்தால், மவுன்ட் அட்டை (படத்தைச் சுற்றிச் சட்டத்துக்குள் வைக்கும் அட்டை) மறைத்திருந்த ஓரத்தைக் கவனியுங்கள். படம் முதலில் எவ்வளவு அடர்த்தியாக இருந்தது என்பது அங்கே தெரியும்.